ஒரே அளவு தாமதம்

சதீஷ்,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. இந்தக் கவரை ஒட்டவும் இல்லை. உன் மனைவியாக வரப்போகிற நந்தினியின் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அவள் முதலில் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவாள். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது, யாரைக் கட்டிக்கொள்கிறோம் என்று யோசித்துக்கொள்ள அவளுக்கு அது தாராளமாகப் போதும். நீ கோபப்படுவாய். படு. வடபழனி ஸ்டூடியோவில் குளிர்பதன அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது ஒன்றும் கஷ்டமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். “ம்மா, நலங்கு அன்னிக்கு நீ ரெண்டு வரி பாடணும்மா. ஜனங்க முன்னாடி கூச்சமா இருந்தா போன்லயே பாடி அனுப்பு. டைமிங் எல்லாம் நான் சரி பண்ணிக்கிறேன்” என்றாய். நான் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அடுப்படியில் நின்று சிரித்தேன். மறைமலை நகருக்கு ஷிப்ட் கிளம்பிக்கொண்டிருந்த உன் அப்பா, என்ன ஆயிற்று இவளுக்கு என்று எட்டிப் பார்த்தார். என் டைமிங்கை நீ சரி பண்ணிக்கொள்கிறாய் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். புரிந்தும் அதைச் சொல்ல உனக்கு நா எழுந்தது பார், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, நம் படப்பை வீட்டு ஹாலில் நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் அன்று ஸ்பீக்கரில் போட நம் ஊர்ப் பாட்டையே பதிவு செய்து தருகிறேன் என்று கோயில் தர்மகர்த்தாவிடம் வாக்குக் கொடுத்தவன் நீ. அம்மன் பாட்டை வருஷா வருஷம் முன்னால் நின்று எடுத்துக் கொடுத்தவள் நான். அதனால் நான்தான் பாட வேண்டும் என்றும் நீயேதான் சொன்னாய். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினாய். ஃபேனை நிறுத்தினாய். கம்பெனி ஏலத்தில் யாரோ எடுத்து உன் தலையில் கட்டிய பழைய கம்ப்யூட்டரைப் பெருமையாகப் போட்டாய். உன் இரண்டு அத்தைகளும் தர்மகர்த்தாவும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்னமே பதிந்து வைத்திருந்த பம்பை அடி கேட்கும்படி என் காதில் ஹெட்போனை மாட்டி, பாடு என்றாய்.

பாடினேன். என் குரல் எனக்குப் பின்னால் வந்தது. நான் ஒரு சொல்லை முடித்து அடுத்ததற்குப் போகும்போது அந்தப் பழைய சொல் காதுக்குள் வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ என்னைப் பழித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. “டேய், என் கொரலு லேட்டா வருதுடா காதுல” என்று சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நீதான் இழுக்கற” என்றாய். கண்ணை மூடிக்கொண்டேன். காதில் வருகிற என் குரலை நம்புவதில்லை என்று முடிவு செய்து, வலது கையைத் தொடையில் தட்டித் தட்டி, கம்பெனி லைனில் செல்போன் நகர்கிற வேகத்துக்குக் கை வேலை செய்யுமே, அந்தப் பழக்கத்தில் பாடினேன். பதினொரு தடவை பாடினேன். ஒவ்வொரு தடவையும் நீ போட்டுக் காட்டினாய். ஒவ்வொரு தடவையும் பம்பை முன்னால் போக என் குரல் பின்னால் வந்தது.

கடைசியில் நீ நாற்காலியைத் திருப்பினாய். என்னைப் பார்த்து அல்ல, தர்மகர்த்தாவைப் பார்த்து. “அம்மாவுக்குத் தாளம் நிக்கல சார். வயசாயிடுச்சு இல்ல. வேற ஆள வெச்சுக்கலாம்” என்றாய். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. உன் பெரிய அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அப்போ இத்தினி வருசமா கோயில்ல பாடிக்கினு இருந்தது இன்னாத்துக்காம்?” என்று கேட்டாள். சின்ன அத்தை சிரித்தாள். உன் அப்பா துண்டால் வாயைத் துடைப்பது மாதிரி துடைத்துக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் எல்லோருக்கும் காப்பி போட உள்ளே போனேன். காப்பி நன்றாக இருந்தது என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் கோயிலில் பாடவில்லை. எனக்குப் பதிலாக நீ கூட்டி வந்து பாடவைத்த நந்தினியின் குரல் நான்கு ஆடி மாசம் ஸ்பீக்கரில் போயிற்று, நான் அதற்குக் கீழே நின்று கூழ் ஊற்றினேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறாள், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கதை கோயிலோடு முடிந்திருந்தால் இந்தத் தாளைக்கூட வீணாக்கியிருக்க மாட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிற அந்தக் கம்பெனியில் பதினான்கு வருஷம் லைனில் நின்றவள் நான், அதில் ஆறு வருஷம் லைன் லீடர். நீ சொன்ன மறுவாரமே சூப்பர்வைசரிடம் போய், “எனக்கு வேகம் போயிடுச்சு சார், என்னை பேக்கிங்குக்கு மாத்திடுங்க” என்று நானே கேட்டேன். அவர் நம்பவில்லை. நான் நம்பினேன். பெற்ற பிள்ளை, அதுவும் சத்தத்தைப் பற்றிப் படித்தவன், காதில் கேட்டுச் சொல்கிறான், தப்பாகவா இருக்கும் என்று நம்பினேன். நான்கு வருஷமாக அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். டேப் ஒட்டுவதற்குத் தாளம் தேவையில்லை.

இனி நந்தினி அறியாமல் செய்த ஒரு காரியம். போன மாசம் ரவிக்கை அளவு கொடுக்க வீட்டுக்கு வந்தாள். நலங்குக்குப் போடப் பழைய பாட்டு ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்று உன் அறையில் தூசி மண்டிக் கிடந்த அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது உயிர் வந்து எழுந்திருப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்து முடித்துவிட்டோம். அதில் என் பெயரைப் போட்டு ஒன்றிலிருந்து பதினொன்று வரை இருந்தது. போட்டாள். பம்பை முன்னால், நான் பின்னால். நிறுத்தும்மா என்றேன். அவள் நிறுத்தவில்லை. திரையில் என் குரல் கோடு கோடாக இருந்தது. அந்தக் கோட்டை மொத்தமாகப் பிடித்து ஒரு நகக்கண் அளவு இடது பக்கம் நகர்த்தினாள். மறுபடி போட்டாள்.

அடிக்கு அடி விழுந்தது சதீஷ். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை. பம்பைக்காரன் என்னைப் பார்த்து அடித்த மாதிரி இருந்தது. அவள் இரண்டாவதைப் போட்டாள், அதே அளவு நகர்த்தினாள், அதுவும் விழுந்தது. பதினொன்றையும் நகர்த்தினாள். “பாருங்க அத்தை, பதினொண்ணும் ஒரே அளவு தள்ளி இருக்கு. உங்க மேல தப்பே இல்ல. அந்த கம்ப்ரஸரும் இந்த சிஸ்டமும் பண்ண வேலை” என்றாள். கம்ப்ரஸர் என்றால் எனக்குத் தெரிந்தது கம்பெனியில் காற்று ஏற்றுகிற மெஷின்தான். அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கம்ப்யூட்டருக்குள் போடுகிற ஒரு சின்ன சாஃப்ட்வேராம். பாடுகிறவர் குரல் ஏறினால் அமுக்கும், இறங்கினால் விட்டுக்கொடுக்கும். “ஏறப்போவுதுன்னு முன்னாடியே தெரியணும்னா, அது குரலைக் கொஞ்ச நேரம் கையில புடிச்சு வெச்சுக்கணும் அத்தை. அது ஒரு லேட்டு. இதுக்கு எட்டு ஜிபி ராம் வேணும்னு அவங்களே எழுதியிருக்காங்க, இதுல நாலுதான். திணறி கரகரன்னு சத்தம் வரும். அது வராம இருக்க, சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வெச்சு அனுப்பற பஃபர்னு ஒண்ண ஏத்தி வெப்பாங்க. ஏத்துனா இன்னும் லேட்டு. ரெக்கார்டு பண்ணும்போது இத யாரும் போட மாட்டாங்க, பின்னாடி மிக்ஸ் பண்ணும்போதுதான் போடுவாங்க.” இவ்வளவுதானாம். என் தாளம் கெட்ட கதை.

உனக்கு இது தெரியாமல் போயிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் சோறு போடாமல் இருந்திருப்பேன், அதோடு விட்டிருப்பேன். நந்தினி அடுத்ததாகச் சொன்னாள்: “நீங்க பாடுன மறுநாள் நான் பாட வந்தப்போ எனக்கும் அப்படித்தான் ஆச்சு. நான் ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, சிஸ்டத்தைப் பாருங்கன்னு சொல்லிட்டேன். அவர் பாத்து, கம்ப்ரஸரை எடுத்துட்டு பஃபரைக் கொறைச்சாரு, சரியாயிடுச்சு. அம்மாவுக்கும் இதான் ஆயிருக்குன்னு அப்பவே சொன்னாரே. உங்ககிட்ட சொல்லிட்டேன்னாரே அத்தை.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ரவிக்கை அளவும் கொடுக்காமலே கிளம்பிவிட்டாள்.

மறுநாளே தெரிந்திருக்கிறது உனக்கு. ஹாலுக்கும் அடுப்படிக்கும் பதினைந்து அடி தூரம். நான் பேக்கிங்குக்கு மாறியதை உன்னிடம் சொன்னபோதும், “நல்லதும்மா, ரெஸ்ட்டா இருக்கும்” என்றாய். கோயிலில் பாடமாட்டேன் என்று சொன்னபோதும் தலையாட்டினாய். வாயில் இருந்த ஒரு வாக்கியத்தை நான்கு வருஷம் மென்று கொண்டிருந்திருக்கிறாய். ஏன் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சொன்னால் தப்பு உன் மேல் வரும். தர்மகர்த்தா முன்னால், அத்தைகள் முன்னால், சிஸ்டத்துக்கு என்ன வேண்டும் என்று படித்துக்கூடப் பார்க்காமல் போட்டவன் என்று ஆகும். கிழவி தலையில் போட்டால் கிழவி ஒன்றும் சொல்லமாட்டாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

இசக்கியை உனக்கு நினைவிருக்காது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஹாஸ்டலில் தங்கி என் லைனில் வேலை செய்தாள். போனை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினால் அதன் ஸ்பீக்கர் கூவும், அதன் மைக்கே அதைக் கேட்கும், சரியாகக் கேட்டால் கம்ப்யூட்டரில் பச்சை விழும். பச்சை விழுந்த பிறகுதான் போனை எடுத்து அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். ஒருநாள் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். இந்தக் கம்ப்யூட்டர் இதற்குத் தாங்குமா என்று பார்த்து டிக் போட வேண்டிய தாள் என் கைக்கு வந்தது. நான் பார்க்கவில்லை. மற்ற தாள்களோடு சேர்த்து டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அன்றிலிருந்து இசக்கியிடம் போன் தேங்கியது.

அவள் பின்னால் போய் நின்று எண்ணினேன். நான்கு நொடி தாமதம். அடுத்த போனுக்கும் நான்கு. அதற்கு அடுத்ததற்கும் நான்கு. லைனில் நிற்கிற எவளுக்கும் இதன் அர்த்தம் தெரியும். கை சோர்ந்தால் ஒன்று இரண்டு நொடி தப்பும், அடுத்தது ஐந்து தப்பும், டீ குடித்து வந்தால் தப்பவே தப்பாது. எல்லாம் ஒரே அளவு தப்பினால் அது மெஷின். நான் அங்கேயே புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு என் மேஜைக்குத் திரும்பி வந்து, அந்த டிக்கை நினைத்து பயந்துபோய், மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் நடக்கிற மீட்டிங்கில் எழுபது பேர் முன்னால் அவளை நிற்க வைத்து, “கை வெளங்காதவளை எல்லாம் எவன் வேலைக்கு அனுப்பறான்” என்று கேட்டேன். மூன்றாம் நாள் அவளை அனுப்பிவிட்டார்கள். காண்ட்ராக்டர் அவள் பெயருக்கு எதிரே வேகம் இல்லை என்று எழுதினான். இந்தப் பக்கம் ஒரு வருஷம் எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. அவள் போன மறுவாரம் அந்தக் கம்ப்யூட்டரைச் சத்தமில்லாமல் மாற்ற வைத்தேன்.

அவளை அனுப்பிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டுக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். உனக்குப் பதினெட்டு வயது. “மெஷின் தப்புன்னு சொன்னா என் வேலை பூடும். எவ தலைமேலனா போட்டாத்தான் லைன் ஓடும்” என்றேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாய். கெட்டிக்காரி என்று நினைத்திருப்பாய். கணக்கில் தேறவில்லை, இங்கிலீஷில் தேறவில்லை, என்னிடம் படித்த அந்த ஒன்றில் மட்டும் முதல் மார்க் வாங்கிவிட்டாய். ஹாலில் நீ நாற்காலியைத் திருப்பியபோது, உன்னை நான் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இசக்கி விட்ட கண்ணீர்தான் என் கையைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பட்டால் படட்டும் என்று ஏற்றுக்கொண்டேன். என் சொந்தப் பிள்ளை என்னுடைய வித்தையையே எடுத்து என்மேல் போட்டிருக்கிறான் என்று தோன்றவே இல்லை.

நந்தினி போன பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பழைய ஆட்களிடம் விசாரித்து மண்ணூருக்குப் போனேன். இசக்கி அங்கே ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள், வாடகை வீடு, ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். “வாங்கக்கா, உக்காருங்க” என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிக் போட்டது, எண்ணிப் பார்த்தது, எல்லாம். அவள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள். “எனக்குத் தெரியும்லாக்கா” என்றாள். “ரெண்டாம் நாளே எண்ணிட்டேன். எல்லாத்துக்கும் அதே நாலு செகண்டு. நீங்களும் பின்னால நின்னு எண்ணுனிய. பெட்டி மூடியில ஒங்க ஒதடு அசையுதது தெரிஞ்சிச்சு. சரி, அக்கா கண்டுபிடிச்சாச்சு, நாளைக்குச் சொல்லிருவாகன்னு நெனச்சேன். மூணு நாளு நெனச்சேன்.”

மன்னித்துவிடு இசக்கி என்றேன். அவள் சீப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்க வீட்டுக்குள்ள வந்து மெதுவா சொன்னா அது எனக்கு எதுக்குக்கா? என்னைய ஏசுனது எழுவது பேரு முன்னால. அங்க போய் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, காப்பி போட்டுத் தாரேன்” என்றாள். வாசல் வரைக்கும்கூட வரவில்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது. படப்பையில் இறங்கும்போதுதான் அவள் கேட்டது நியாயம் என்று பட்டது.

போன வாரம் சொன்னேன். அதே மீட்டிங்கில், பேக்கிங்கிலிருந்து போய் முன்னால் நின்று, ஏழு வருஷத்துக்கு முன்னால் இசக்கி என்று ஒருத்தி இருந்தாள், தப்பு அவள் கையில் இல்லை, என் டிக்கில் என்று சொன்னேன். பாதிப் பேருக்கு இசக்கி யார் என்றே தெரியாது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவளோடு ஹாஸ்டலில் இருந்தவள் ஒருத்தி மட்டும் என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று மதியமே மெமோ கொடுத்தார்கள், விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். வேலை இருக்குமா தெரியாது. உன் கல்யாண மண்டபத்தில் உன் அம்மா இன்ன கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போகலாம். மறுபடி மண்ணூருக்குப் போனேன். இசக்கி காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை இல்லை. நான் கேட்கவும் இல்லை, முழுவதையும் குடித்தேன்.

சொன்ன பிறகு மனசு ஒன்றும் லேசாகிவிடவில்லை. அப்படியெல்லாம் ஆகும் என்று உனக்கு யாராவது சொன்னால் நம்பாதே. இசக்கிக்குப் போன அந்த ஒரு வருஷம் போனதுதான். எனக்குப் போன நான்கு ஆடியும் போனதுதான். ஆனாலும் ஒரு பெண்ணின் பெயரில் எழுதிய தப்பை அவள் பெயரிலிருந்து எடுக்க வேண்டும், எழுதினவள்தான் எடுக்க வேண்டும். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். நீ சோறு போட்டுக்கொண்டே என்ன கதை சொல்கிறாய் என்று பார்த்துச் சொல். அது தட்டைப் பார்த்துச் சிரிக்கும், நீ கவனிக்க மாட்டாய்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று நந்தினியிடம் பொய் சொன்னாயே, அதை அவளிடம் நீயே தீர்த்துக்கொள். அதில் நான் தலையிட மாட்டேன், உனக்காக ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன். என்னைத் தனியாகப் பார்த்து, காலில் விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வடபழனியிலிருந்து புடவை வாங்கி வந்து, இதெல்லாம் வேண்டாம். நான் அழுதுவிடுவேன், பெற்ற வயிறு, உடனே விட்டுவிடுவேன். அதனால்தான் நேரில் பேசாமல் எழுதுகிறேன்.

நலங்கு அன்று உன் இரண்டு அத்தைகளும் வருவார்கள். தர்மகர்த்தாவை நானே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டேன். உன் அப்பா இருப்பார், துண்டோடு. அதே ஹால். நீ மணையில் உட்கார்ந்ததும், உன் முகத்தில் யாரும் மஞ்சள் வைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். நீ சொல்லி முடித்ததும் நான் பாட ஆரம்பிப்பேன், மைக் வேண்டாம், ஹெட்போன் வேண்டாம். நீ வாயைத் திறக்காவிட்டால் நானும் திறக்க மாட்டேன். மஞ்சளைப் பூசிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் காப்பி போடுவேன்.

இரண்டு வரி போனில் பாடி அனுப்பச் சொன்னாய். நந்தினியின் போனில் பதிந்து கொடுத்திருக்கிறேன், வாங்கிக் கேள். பாட்டு இல்லை. மணையில் உட்கார்ந்து நீ சொல்ல வேண்டியது. “எங்கம்மா தாளம் தப்பல, நான் போட்டதுதான் தப்பு. அது எனக்கு மறுநாளே தெரியும்.” இரண்டே வரி. மனப்பாடம் பண்ணிக்கொள். டைமிங்கை நீயே சரி பண்ணிக்கொள்.

அம்மா